பயணத்துக்கு முன் எழுதி வைக்க வேண்டியவை: வளர்ப்புப் பிராணிகள் கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்குவதால், நாயையோ பூனையையோ பிறர் பொறுப்பில் விட்டுச் செல்வது குறித்து வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: உறவினர் திருமணத்துக்காகக் குடும்பத்துடன் மூன்று வாரம் தஞ்சாவூருக்குப் போகிறோம். வீட்டில் ஐந்து வயது நாயும் இரண்டு வயதுப் பெண் பூனையும் இருக்கின்றன. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் இதுவரை பிராணி எதையும் வளர்த்ததில்லை. காலையில் என்ன உணவு, மாலையில் எவ்வளவு என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். இது போதுமா?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: உணவு அட்டவணை வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது. உங்கள் நாய் ஒருநாள் சற்றுச் சோர்ந்து படுத்திருந்தால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஏனென்றால் அதன் வழக்கம் என்னவென்று ஐந்து ஆண்டுகளாகப் பார்த்து வருகிறீர்கள். உங்கள் தங்கை மகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சோர்ந்து கிடக்கும் நாயைப் பார்த்து, நாய் என்றால் இப்படித்தான் தூங்கும்போலும் என்று அவள் நினைத்துக்கொள்ளலாம். ஆகவே நீங்கள் எழுதும் தாளில் முதலிடம் பெற வேண்டியது, இந்த நாயும் இந்தப் பூனையும் நலமாக இருக்கும் ஒரு சாதாரண நாளில் என்னென்ன செய்யும் என்பதுதான்.

அதை எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறீர்களோ அவ்வளவு நல்லது. உணவு வைத்ததும் நாய் உடனே தின்றுவிடுமா, அல்லது முகர்ந்துவிட்டுப் போய் அரைமணி நேரம் கழித்து வருமா? நாளொன்றுக்கு எத்தனை முறை மலம் கழிக்கும், அது எப்படி இருக்கும்? பகலில் எந்த இடத்தில் படுக்கும்? வாசலில் யாராவது வந்தால் குரைக்குமா, வாலாட்டுமா? பூனையின் மணல் தட்டில் ஒருநாளைக்கு எத்தனை சிறுநீர்க் கட்டிகள் இருக்கும்? அது முடிக்கட்டியை வாந்தி எடுப்பது உண்டா, உண்டென்றால் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? இவை எழுதப்பட்டிருந்தால், மூன்று கட்டிகள் இருக்க வேண்டிய தட்டில் ஒன்றுகூட இல்லாத நாளை அவளே கண்டுபிடித்துவிடுவாள். அதேபோல, பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் பயப்படத் தேவையில்லாதவற்றையும் எழுதி வையுங்கள். நீங்கள் புறப்பட்ட முதல் ஓரிரு நாள் பூனை அலமாரிக்கு அடியில் ஒளிந்துகொண்டு இரவில் மட்டும் வந்து தின்னக்கூடும். இது முன்கூட்டித் தெரிந்திருந்தால் அவள் அதை இழுத்து வெளியே எடுக்க முயன்று கடி வாங்க மாட்டாள்.

உணவைப் பொறுத்தவரை, ‘ஒரு கப்’ என்று எழுதாதீர்கள். எந்தக் கப்பால் அளக்கிறீர்களோ அதையே உணவுப் பையின் மேல் வைத்து, எந்த மட்டம் வரை என்று பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மூன்று வாரத்துக்குத் தேவையானதற்கும் மேலாக ஒரு வாரத்துக்கான உணவை அதே ரகத்தில் வாங்கி வைப்பது அவசியம். உணவு தீர்ந்துபோய், கடையில் கிடைத்த வேறொன்றைத் திடீரென்று கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். வழக்கமாக ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு கலந்து கலந்து கொடுத்துத்தான் உணவை மாற்ற வேண்டும். எறும்பு வராமலிருக்க உணவுக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வாசலில் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் கொட்டி, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒரு வாரம் தேங்கி நிற்கும் நீரே ஏடிஸ் கொசு பெருகப் போதுமானது.

கொடுக்கக் கூடாதவற்றை நம் சமையலறையை மனத்தில் வைத்து எழுத வேண்டும். நம் வீடுகளில் மீந்த சோற்றில் குழம்பு ஊற்றி நாய்க்கு வைப்பதைத் தவறென்று யாரும் நினைப்பதில்லை. பாசத்தோடு செய்வதுதான் அது. ஆனால் சாம்பாரிலும் கறிக்குழம்பிலும் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பூனைக்கு இந்தப் பாதிப்பு இன்னும் அதிகம். கேசரியிலும் பாயசத்திலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் சேர்க்கப்படும் சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு. வீட்டில் லில்லிப் பூக்களை ஜாடியில் வைக்கும் பழக்கம் இருந்தால், திரும்பி வரும்வரை அது வேண்டாம்; அதன் மகரந்தம் மட்டும் பட்டாலும், பூனை உடலை நக்கும்போது உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பனடோல் (பாராசிட்டமோல் மாத்திரை) கொடுக்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பாராசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை அதன் உயிரைப் பறிக்கும். உடம்பு சுடுகிறதே என்று நல்ல எண்ணத்தோடு கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நாயை நடக்க அழைத்துச் செல்லும் நேரத்தைக் கடிகாரத்தை மட்டும் வைத்து எழுதாமல், வெயிலையும் சேர்த்து எழுதுங்கள். கோலாலம்பூரில் நண்பகல் வெப்பம் 33 பாகை செல்சியசைத் தொடுவது சாதாரணம். அந்த வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைப் புண்ணாக்கிவிடும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணியை ஒட்டியும் போகட்டும். புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பார்த்து, சுட்டால் புறப்பட வேண்டாம். மூச்சு இரைப்பு நிற்காமல், எச்சில் தடித்து, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கம். நிழலுக்குக் கொண்டுவந்து, குழாய்த் தண்ணீரால் உடலை நனைத்து, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். மழைக்குப் பின் வாசலில் தேரைகள் வரும் வீடு என்றால் அதையும் சொல்லுங்கள். நாய் தேரையைக் கடித்துவிட்டு வாயில் நுரை தள்ளினால், தலையைத் தாழ்த்திப் பிடித்து, தண்ணீர் தொண்டைக்குள் போகாதபடி வாயை ஓடும் நீரில் கழுவிவிட்டு, உடனே கிளினிக்குக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டிய நிலைகள் எவை என்பதைத் தனித் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, ஈறு வெளுத்துப் போதல், வாந்தி நிற்காமை, வயிறு உப்பிக்கொண்டு வாந்தி வராமல் குமட்டிக்கொண்டேயிருத்தல், நஞ்சு எதையும் தின்றுவிட்டதாகச் சந்தேகம் ஆகியவை அதில் இருக்கட்டும். பூனை ஒருநாள் முழுதும் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேச வேண்டும் என்பதையும் சேருங்கள். சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்துவிடும், பருத்த பூனைக்கு இந்த ஆபத்து அதிகம்.

இனி, பெரும்பாலோர் எழுதாமல் விடுகிற பகுதிக்கு வருகிறேன். சென்னைக்குப் பறக்கும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உங்களைத் தொடர்புகொள்ள முடியாது. இந்தியா மலேசியாவைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்கே நீங்கள் அதிகாலை உறக்கத்தில் இருக்கும்போது இங்கே அவள் கிளினிக் வாசலில் நிற்கக்கூடும். திருமண மண்டபத்தின் சத்தத்தில் கைப்பேசி ஒலிப்பது கேட்காமலும் போகலாம். அந்த நேரத்தில் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணின் தலையில் அந்த முடிவை வைப்பது நியாயமில்லை. எனவே உங்கள் கிளினிக்குக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்: இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை இவர் பிராணிகளை அழைத்து வருவார்; என்னைத் தொடர்புகொள்ள இயலாவிட்டால் இத்தனை ரிங்கிட் வரையிலான சிகிச்சையை மருத்துவரின் முடிவுப்படி செய்யலாம்; அதற்கு மேல் என்றால் கோலாலம்பூரில் இருக்கும் இன்ன உறவினர் முடிவெடுப்பார். பிழைக்க வழியில்லை என்று மருத்துவர் கருதும் நிலையில் உங்கள் விருப்பம் என்ன என்பதையும், எழுத மனம் வராவிட்டாலும், எழுதிக் கையொப்பமிடுங்கள். கடிதத்தின் நகல், தடுப்பூசி அட்டை, மைக்ரோசிப் எண், நாயின் உரிமப் பட்டை எண், இரண்டின் தெளிவான புகைப்படங்கள், முன்பணம் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். உங்கள் கிளினிக் இரவில் மூடிவிடும் என்றால், இரவில் திறந்திருக்கும் வேறொன்றை இப்போதே அழைத்து, நேரத்தை உறுதிசெய்து, முகவரியுடன் எழுதுங்கள். மலேசியாவின் விலங்கு நலச் சட்டம் 2015, பிராணிக்குத் தகுந்த உணவும் இடமும் நோயிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கச் செய்வதை உரிமையாளரின் கடமையாகவே வைத்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிறோம் என்பதால் அந்தக் கடமை நின்றுவிடுவதில்லை.

எழுதி முடித்த பின் ஒரு சோதனை செய்யுங்கள். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் தங்கை மகளை இரண்டு நாள் வீட்டில் தங்கவைத்து, நீங்கள் வாய் திறக்காமல், தாளை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் செய்யச் சொல்லுங்கள். அவள் எந்த இடத்தில் திரும்பி உங்களிடம் கேள்வி கேட்கிறாளோ, அந்த இடத்தில் தாள் குறையாக இருக்கிறது.

கேள்வி: எங்கள் பதினோரு வயது ஆண் பூனைக்கு நீரிழிவு. காலை, மாலை இருவேளையும் இன்சுலின் போடுகிறோம். பத்து நாள் வெளியூர் போக வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா ஊசி போடக் கற்றுக்கொள்ளத் தயார் என்கிறார். அவருக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: அந்த அக்கா போன்றவர் அருகில் இருப்பது பெரும் பேறு. ஊசி போடுவது எளிது. ஓரிரு நாளில் கை பழகிவிடும். பூனை வழக்கம்போல் தின்னாத நாளில் என்ன செய்வது என்பதுதான் கடினம். முழுதும் தின்றால் எவ்வளவு, பாதி தின்றால் எவ்வளவு, ஒன்றுமே தின்னாவிட்டால் அல்லது தின்றதை வாந்தியெடுத்தால் என்ன செய்வது என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டு, அவர் சொன்னபடி எழுதி வாங்குங்கள். உங்கள் ஊகத்தில் எழுதாதீர்கள்.

எந்த மருத்துவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விதி உண்டு. ஊசி போடும்போது பூனை துள்ளி, மருந்து உள்ளே போயிற்றா வெளியே சிந்திற்றா என்று சந்தேகம் வந்தால், மறுபடி போடக் கூடாது. ஒரு வேளைக்கான மருந்து குறைந்ததால் சர்க்கரை சற்று ஏறுவது பெரிய ஆபத்தில்லை. இரட்டிப்பு மருந்தால் சர்க்கரை இறங்குவது சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோகும். நடை தள்ளாடினாலோ உடல் நடுங்கினாலோ அழைத்தால் திரும்பாமல் கிடந்தாலோ, ஈறில் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தடவிவிட்டு உடனே கிளினிக்குக்கு ஓட வேண்டும். அதற்கான தேன் பாட்டிலை இன்சுலின் வைத்திருக்கும் இடத்துக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள்.

சிரிஞ்சு விஷயத்தில் கவனம் தேவை. பிராணிகளுக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு வலிமையில் வருகிறது. மருந்தகத்தில் மனிதர்களுக்கு விற்கப்படும் சிரிஞ்சோ 100 அலகு மருந்துக்குக் கோடிடப்பட்டது. சிரிஞ்சு தீர்ந்துபோய் அக்கா மருந்தகத்தில் ஒன்று வாங்கிவந்தால் அளவு முழுக்கத் தவறிவிடும். தேவையைப் போல இருமடங்கு வாங்கி வையுங்கள். போட்ட நேரத்தையும், எவ்வளவு தின்றது என்பதையும், போட்டவரின் கையெழுத்தையும் குறிக்க ஒரு தாளைக் கட்டம் போட்டு ஒட்டிவிட்டால், வீட்டில் இரண்டு பேர் இருந்து இருவரும் போட்டுவிடும் விபத்து நேராது. மருந்து குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இருக்கட்டும், உறையவிடக் கூடாது.

உங்களுடையது ஆண் பூனை என்பதால் இன்னொன்று. அது மணல் தட்டில் அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால், நாளை பார்க்கலாம் என்று தள்ளிவைக்க அக்காவுக்கு நேரமில்லை. சிறுநீர்க்குழாய் அடைத்துக்கொண்ட ஆண் பூனை ஓரிரு நாளில் இறந்துவிடும். மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருந்து பூனையை இழந்த குடும்பங்கள் பல. இதை மட்டும் அவரிடம் வாயாலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஈப்போவில் உள்ள அம்மா வீட்டுக்குப் போவோம். எங்கள் நாய்க்குப் பட்டாசு என்றால் உயிர் போகும் பயம். வீட்டில் அண்ணன் மட்டும் இருப்பார். அவருக்கு என்ன சொல்லி வைப்பது?
— வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: பினாங்கில் இருப்பவர் நீங்கள், பெருநாளின் முதல் நாளோடு பட்டாசு முடிவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஒன்பதாம் நாள் ஜேட் பேரரசர் பிறந்தநாளுக்காக ஹொக்கியன் சீனர்கள் எட்டாம் நாள் இரவு கொளுத்தும் பட்டாசுதான் அங்கே உச்சம். அந்த இரவின் தேதியை அண்ணனுக்குக் குறித்துக் கொடுங்கள். அன்று நடையை மாலை வெளிச்சத்திலேயே முடித்துவிட்டு, உணவையும் கொடுத்துவிட்டு, இருட்டும் முன் வாசற்கதவையும் இரும்புக் கேட்டையும் பூட்டிவிட வேண்டும். மிரண்ட நாய் எந்த இடுக்கிலும் நுழைந்து ஓடிவிடும். ஆகவே கழுத்துப்பட்டையில் உங்கள் எண்ணோடு அண்ணனின் எண்ணும், மாநகராட்சி உரிமப் பட்டையும் கட்டாயம் இருக்கட்டும்.

வீட்டின் நடு அறையில், சன்னலை மூடித் திரையிட்டு, மின்விசிறியும் தொலைக்காட்சியும் ஓடிக்கொண்டிருக்க, அதன் பழைய படுக்கையை விரித்து வைக்கட்டும். நாய் வந்து ஒட்டிக்கொண்டால் தடவிக் கொடுக்கலாம். அதனால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம். ஒளிந்துகொண்டால் விட்டுவிட வேண்டும். பயம் மிகக் கடுமையானது என்றால் மருத்துவரிடம் இப்போதே போய் மருந்து கேளுங்கள். அதை நீங்கள் வீட்டில் இருக்கும் ஒருநாளில் கொடுத்துப் பார்த்து, அது எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வையுங்கள். பெருநாள் சமயத்தில் பல கிளினிக்குகள் மூடியிருக்கும் என்பதால் எது எந்த நாளில் திறந்திருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பயணம் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பினாங்கில் முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலையை நோக்கிச் செல்லும் சாலைகள் அடைபட்டிருக்கும்போது எந்த வழியாகக் கிளினிக்குக்குப் போவது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: கொண்டோமினியத்தில் குடியிருக்கிறோம். இரண்டு பூனைகள். கட்டணம் வாங்கிக்கொண்டு நாள்தோறும் ஒருமுறை வந்து போகும் பராமரிப்பாளர் ஒருவரை அமர்த்தியிருக்கிறோம். அவர் தமிழர் அல்லர். பூனையைப் பற்றிய குறிப்புகள் தவிர வேறு என்ன எழுத வேண்டும்?
— வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: முதலில் அவர் வீட்டுக்குள் வந்து சேர வேண்டும். காவலர் அறையிலும் நிர்வாக அலுவலகத்திலும் அவர் பெயரையும் வண்டி எண்ணையும் தேதிகளையும் முன்பே பதிந்துவிடுங்கள். மின்தூக்கி அட்டையையும் சாவியையும் ஒரு முறை அவர் கையாலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இன்னொரு சாவி நம்பகமான அண்டை வீட்டாரிடம் இருக்கட்டும். குறிப்பை மலாயிலோ ஆங்கிலத்திலோ, அவர் சரளமாகப் படிக்கும் மொழியில் எழுதுங்கள். பூனைகள் பழகிய அழைப்புச் சொற்கள் தமிழில் இருந்தால் அவற்றை நீங்களே சொல்லிக் குரல் செய்தியாக அனுப்பிவிடுவது நல்லது.

மேல்மாடியில் இருப்பவர்கள் தாளின் தலைப்பிலேயே எழுத வேண்டியது, உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்த வேண்டும், பலகணிக் கதவையும் வலையில்லாத சன்னலையும் திறக்கவே கூடாது என்பதுதான். பல்லியைத் துரத்திக்கொண்டு குதித்து விழும் பூனைகள் உண்டு. போகும் முன் இரண்டு பூனைகளையும் கண்ணால் பார்த்து, ஒவ்வொன்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிண்ணம் காலியாக இருப்பதை வைத்து இரண்டும் தின்றன என்று முடிவுகட்ட முடியாது. வீட்டில் கேமரா பொருத்தியிருந்தால் அதை அவரிடம் சொல்லிவிடுவதே மரியாதை.

டெங்கி பரவும் காலத்தில் குடியிருப்பில் புகையடிப்பு அறிவிப்பு வரலாம். அந்தப் புகையில் சேர்க்கப்படும் பூச்சிக்கொல்லி வகைகள் சில பூனைக்கு ஆகாதவை. அறிவிப்பு வந்தால் பூனைகளைப் பெட்டியில் அடைத்து வெளியே கொண்டுபோய், புகை முழுதும் கலைந்த பின் திரும்ப வேண்டும். ஆகவே பூனைப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பதை எழுதுங்கள். நாய்க்கான உண்ணி மருந்து வீட்டில் இருந்தால் அதைப் பூட்டி வையுங்கள். அவற்றுள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

கேள்வி: பத்து நாள் பயணம். மீன்தொட்டியைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லியிருக்கிறேன். என்ன எழுதிக் கொடுக்கலாம்?
— வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: மிகக் குறைவாக எழுதுங்கள். வளர்ந்த, நலமான மீன்கள் ஒரு வாரம் உணவின்றியும் தாக்குப்பிடிக்கும்; அவற்றைக் கொல்வது பெரும்பாலும் அதிக உணவு. தின்னாமல் கிடப்பது அழுகி அமோனியாவாகிவிடும். எனவே ஒவ்வொரு வேளைக்கும் உரிய உணவை மாத்திரைப் பெட்டியின் அறைகளில் பிரித்துப் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் போதும் என்று சொல்லி, உணவு டப்பாவை எடுத்து ஒளித்துவிடுங்கள். தண்ணீர் மாற்றும் வேலையைப் பையனிடம் விடாமல், புறப்படுவதற்கு மூன்று நான்கு நாள் முன்னரே, குளோரின் நீக்கிய நீரில் நீங்களே செய்துவிடுங்கள். மின்தடை வந்து போன பின் காற்றுக்குழாய் மறுபடி ஓடுகிறதா என்று அவன் பார்க்க வேண்டும். மேலே சொன்ன புகையடிப்பு மீனுக்கு இன்னும் கொடியது என்பதால், அன்று தொட்டியை நெகிழித்தாளால் நன்றாக மூடி, புகை கலையும்வரை காற்றுக்குழாயை நிறுத்தி, பிறகு மறவாமல் இயக்க வேண்டும்.